யோங்பேயின் இடது காது

தாக் யோங்பேவுக்கு இடது காது கேட்காது என்பது தென்கொரியாவின் துறைமுக ஊரான ஓக்போவில் அவனைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். நன்றாகவே கேட்கும் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கப்பல் தளத்தில் வெல்டிங் வேலை. மேஸ்திரி பியோன் அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வருவார். மனைவி ஜோங்சிம் கல்யாணமான ஒன்பது வருஷமாக அவனுக்கு வலப்புறமாகவே நடந்தாள், வலப்புறமாகவே படுத்தாள். தளத்தில் வருஷத்துக்கு ஒரு முறை காது சோதனை நடக்கும். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது காதில் சின்ன மணி மாதிரி தெளிவாக ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பான். கேன்டீனில் இடது பக்கம் இருப்பவன் அவனைப் பற்றியே ஏதாவது சொல்லிச் சிரித்தாலும் சோற்றை மென்றுகொண்டிருக்க வேண்டும். அதில் அவன் கெட்டிக்காரனாகிவிட்டான்.

அந்தப் பொய் பிறந்தது 1980இல், மாசான் நகரத்தில், பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் மருத்துவப் பரிசோதனையில். இருபது வயசுப் பையன்கள் முப்பது பேர் ஜட்டியோடு வரிசையில் நின்றார்கள். யோங்பேயின் முறை வந்தது. ராணுவ டாக்டர் கீழே கையை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணுதான்டா இருக்கு உனக்கு. இன்னொரு விதை மேலேயே தங்கிப்போச்சு. தெரியுமா தெரியாதா?"

யோங்பே ஜட்டியை மேலே இழுத்துக்கொண்டான்.

"சின்ன வயசுலயே கீழ இறக்கித் தைச்சிருக்கணும். உங்க வீட்ல யாரும் கவனிக்கலயா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. விட்டா பின்னால கெட்டுப்போகும். புரியுதா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்களா, வேறு எதற்காவதா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் டாக்டர் சொன்னதில் பாதி அந்தச் சிரிப்பில் அடித்துக்கொண்டு போய்விட்டது. "கெட்டுப்போகும்" என்ற சொல் மட்டும் நின்றது.

அவனை முழு ராணுவத்துக்கு எடுக்கவில்லை. சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் ஊர்க்காவல் வேலைக்குத் தள்ளினார்கள். அந்த வேலை பார்த்தவனை ஆண்பிள்ளைகள் சும்மா விடுவார்களா? "ஏன்டா, உனக்கு என்ன குறை?" என்று முதல் நாளே கேட்டார்கள். காது என்று சொல்லிவிட்டான். வாயில் முதலில் வந்தது அதுதான். எந்தக் காது என்றதற்கு இடது என்றான். அன்றைக்கு மாட்டிக்கொண்டவன் பதினேழு வருஷம் அதிலிருந்து வெளியே வரவில்லை.

டாக்டர் சொன்ன பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம், வலியும் இல்லை. ஆண்கள் எல்லாரும் அம்மணமாக ஒன்றாய்க் குளிக்கும் பொதுக் குளியல் கூடத்துக்குப் போவதை நிறுத்தினான். பண்டிகைக்கு முதல் நாள் அப்பா, சித்தப்பா எல்லாரும் துண்டோடு கிளம்பும்போது அவனுக்கு மட்டும் காய்ச்சல் வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஜோங்சிமிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை நினைத்தான். இரண்டு முறையும் அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று விட்டான். கல்யாணத்துக்குப் பிறகு, ஒரு பிள்ளை பிறந்தால் சொல்லவே வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. பிள்ளை பிறக்க ஒரு விதை போதும் என்று எங்கோ பத்திரிகையில் படித்திருந்தான்.

பிள்ளை பிறக்கவில்லை.

மூன்றாம் வருஷம் யோங்பேயின் அம்மா கஷாயப் பொட்டலங்களோடு வர ஆரம்பித்தாள். கறுப்பாக, கசப்பாக, வீடு முழுக்க வேர் நாற்றம் அடிக்கும். "கர்ப்பப்பை குளிர்ந்து கெடக்குது உனக்கு. சூடு ஏத்தணும்" என்பாள். ஜோங்சிம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். ஐந்தாம் வருஷம் ஊரிலிருந்த பெண்கள் மருத்துவமனைக்குப் போனாள். மாத்திரை, ஊசி, வெப்பமானி, எந்த நாள் என்று காலண்டரில் வட்டம். அங்கிருந்த லேடி டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்களேன். அவருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துரலாம்."

ஜோங்சிம் வந்து சொல்வாள். யோங்பே சொல்லும் பதில்களும் வரிசையாக இருந்தன. கப்பல் ஒப்படைக்கும் நேரம். ஓவர்டைம். அடுத்த மாதம். ஒருநாள் அம்மாவும் கூட இருந்தாள்.

"எம் மகனுக்கு எதுக்கு டெஸ்ட்டு? எங்க வம்சத்துல ஆம்பளைக்குக் குறைன்னு ஒருத்தன் பொறந்ததில்ல" என்றாள், யோங்பேயைப் பார்க்காமலே.

ஏழாம் வருஷம் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்று மத்தியானம் ஜோங்சிம் வீட்டுக்கு வந்து அடியிலிருந்து சூடேற்றிய தரையில் வயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள். யோங்பே பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னங்க," என்றாள் தலையைத் தூக்காமல். "எங்கிட்ட எங்கயோ ஏதோ சரியில்ல. எங்கன்னுதான் யாருக்கும் தெரிய மாட்டேங்குது. உங்களுக்கு வேற யாராவது அமைஞ்சிருந்தா இந்நேரம் ரெண்டு இருந்திருக்கும்."

சொல்லிவிட வேண்டிய நிமிஷம் அதுதான். "கொஞ்சம் தூங்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்படியில் நின்றான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவள் ஏழு வருஷத்துக்குத்தான் கணக்குக் கேட்டிருப்பாள். இன்னும் இரண்டு வருஷம் சேர்ந்தது.

1997 வசந்த காலத்தில் இடது தொடை மடிப்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. முதலில் அவரை விதை அளவு. பிறகு பெரிதானது. வெல்டிங் வேலையில் பாதி நேரம் கப்பலின் அடித்தட்டுகளுக்கு நடுவில்தான் போகும். ஆள் நிமிர முடியாத உயரம். ஒரு ஆள் நுழையும் துளை வழியாக ஊர்ந்து போய், அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு தலைக்கு மேல் பற்றவைக்க வேண்டும். யோங்பேவுக்கு அந்த இடம் பிடிக்கும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

ஏப்ரலில் ஒரு காலை, நான்காவது அறையில் மல்லாந்து கிடந்தபோது, அந்த இடத்தை யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி வலித்தது. வெல்டிங் டார்ச்சை அணைத்தான். புரள முடியவில்லை. காலை மடக்கவும் இடமில்லை. இரும்பின் சூடு முதுகில் ஏறியது. கத்தினால் கூட வேலை பார்க்கும் சுன்மான் வந்துவிடுவான். வந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்பான். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அரைமணி நேரத்துக்குப் பிறகு வெளிச்சத்தைக் காணோமே என்று சுன்மானே வந்து, காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தான்.

"என்னண்ணே, என்னாச்சு?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு."

"முதுகு பிடிச்சவன் முன்னாலயா கையை வச்சுக்குவான்?"

யோங்பே கையை எடுத்துவிட்டான்.

தளத்து மருத்துவ அறைக்குப் போனான். கதவுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தடுப்புகூட இல்லை. நர்ஸ் கேட்பதும் ஆள் சொல்வதும் பெஞ்சுவரை கேட்டது. முதுகுக்குப் பிளாஸ்திரி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஊரில் சந்தைக்கு மேல் இரண்டாம் மாடியில் ஒரு டாக்டர் இருந்தார். பலகையில் தோல் வியாதி, சிறுநீர் வியாதி என்று இரண்டும் சேர்த்து எழுதியிருக்கும். துறைமுகத்து ஆண்கள் அந்தப் படி ஏறினால் ரகசியச் சீக்குக்குத்தான் என்று கீழே மீன் விற்பவளுக்குக்கூடத் தெரியும். ஒரு சனிக்கிழமை, தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு ஏறினான். நடுப்படியில் சுன்மான் இறங்கி வந்தான்.

இரண்டு பேரும் நின்றார்கள்.

"கால்ல சேத்துப்புண்ணு" என்றான் சுன்மான்.

"எனக்கும் அதேதான்" என்றான் யோங்பே.

"பூட்ஸ் சரியில்லண்ணே."

"ஆமா. பூட்ஸ்தான்."

டாக்டர் இரண்டு நிமிஷம் தொட்டுப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே, "இத்தன வருஷம் எங்கய்யா இருந்தீங்க?" என்றார். கடலுக்கு அந்தப் பக்கம் புசான் நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் இருக்கும், வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், மனைவியைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

மனைவியிடம், "புசான்ல பெரிய ஆஸ்பத்திரில தேதி வாங்கியிருக்கேன். போயிட்டு வருவோம்" என்றான். அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. ஜோங்சிம் அவனையே பார்த்தாள். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் தானாகவே தேதி வாங்கியிருக்கிறான். அந்த வியாழக்கிழமை நீலச் சட்டையும் முத்துக் கம்மலும் போட்டுக்கொண்டாள். இதுவரை எடுத்த எக்ஸ்ரேக்களையெல்லாம் ஒரு உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தாள், வழக்கம்போல அவனுக்கு வலப்புறமாக.

படகு ஜாங்சுங்போ துறையை விட்டுக் கிளம்பியது. புசானுக்கு ஐம்பது நிமிஷம். ஜோங்சிம் பேசிக்கொண்டே வந்தாள். அங்கே கண்ணாடிக் குழாயில் வைத்துச் செய்கிறார்களாம். தன் பள்ளித் தோழிக்கு அப்படித்தான் இரட்டைப் பிள்ளையாம்.

"ஜோங்சிம். இன்னைக்கு டாக்டரப் பாக்கப் போறது நீயில்ல. நான்."

"ரெண்டு பேரும்தானே."

"நான் மட்டும்."

பிறகு சொன்னான். எதிரே இருந்த ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, கட்டியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சொன்னான். அவள் உறையின் ஓரத்தை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தாள்.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"பட்டாளத்துச் செக்கப்புலேருந்து."

"பட்டாளத்துக்குக் காதுனாலதானே எடுக்கல?"

அவன் கை இடது காதுக்குப் போய்த் திரும்பியது.

ஜோங்சிம் எழுந்தாள். அவன் முழங்காலைத் தாண்டி வந்து இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இஞ்சின் சத்தத்துக்கு நடுவில், குனிந்து, உதடு மட்டும் அசைகிற அளவுக்கு மெல்ல, அவனுடைய இடது காதில் சொன்னாள், "அந்த எக்ஸ்ரே எடுத்தன்னைக்கு நான் வலில மூத்திரம் போயிட்டேன். உன்கிட்ட சொல்லல, வெக்கமா இருந்துச்சு. கேக்குதா?"

"கேக்குது."

ஒன்பது வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. எழுந்து வெளித்தட்டுக்குப் போய்விட்டாள். படகு புசான் துறையைத் தொடும்வரை உள்ளே வரவில்லை. அவள் அங்கிருந்து எங்கே போய்விட முடியும், கடல்தானே என்று அவன் நினைத்தான். பிறகு, தானும் அப்படித்தான் என்று நினைத்தான்.

மருத்துவமனையில் அவனைப் பார்த்தது டாக்டர் மா என்ற பெண். யோங்பேவுக்கு உயிரே போயிற்று. அவரோ பல் டாக்டர் பல்லைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார், கேட்டார், எழுதினார். திரையை இழுத்து மூடினார். எந்தக் கேள்விக்கும் குரலைத் தாழ்த்தவுமில்லை, உயர்த்தவுமில்லை.

ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வந்தபின் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "மேலேயே தங்கின விதைல புற்றுநோய் வந்திருக்கு. அதை எடுத்துரணும். வெளிய பரவின மாதிரி தெரியல, அதனால பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. எடுத்தப்புறம் கதிர் வைக்கணும். அதுக்கு முன்னால விந்து எடுத்து உறைய வச்சிரலாம். ஆனா இன்னொரு விதைலயும் உயிரணு ரொம்பக் கம்மி. கிடைச்சதை வைப்போம்."

பிறகு ஜோங்சிமின் உறையைக் கேட்டு வாங்கி, எக்ஸ்ரேக்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்களுக்கு எந்தக் குறையும் இல்லம்மா. ஆரம்பத்துலேருந்தே இல்ல. முதல் நாளே இவருக்கு டெஸ்ட் எடுத்திருக்கணும். அஞ்சு நிமிஷ வேல. இதையெல்லாம் உங்களுக்குச் செஞ்சிருக்கவே வேண்டாம்."

ஜோங்சிம் தலையை ஆட்டினாள். கையெழுத்துப் போட்டாள். நடைகூடத்துக்கு வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். யோங்பே தோளைத் தொடப் போனான். "தொடாதீங்க" என்றாள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் யோங்பேயின் அம்மா புசானுக்கு வந்தாள். ஜோங்சிம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இவருக்கு ஒண்ணு மேலயே இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கிழவி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"கொழந்தையில குளிப்பாட்டுறப்போ பாத்தேன். வளர வளரத் தானா எறங்கும்னாங்க. அப்புறம் அவனே குளிக்க ஆரம்பிச்சுட்டான். பெரிய பையன்கிட்டப் போயி நான் எதைக் கேக்குறது?"

"கஷாயம் மட்டும் எனக்குக் குடுத்தீங்க."

"எறங்கியிருக்கும்னு நெனச்சேன்டி. நெசமா நெனச்சேன்."

ஜோங்சிம் பேரிக்காய்த் தட்டை மாமியார் பக்கம் தள்ளினாள். யாரும் தின்னவில்லை. கதிர்வைத்தியம் முடிந்து யோங்பே ஓக்போ திரும்பிய அன்றைக்கு, அவள் ஒரு பெட்டியோடு தோங்யோங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். "நீங்க சாகணும்னு நான் நெனைக்கல. அதான் இத்தன நாள் கூட இருந்தேன்" என்றாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை.

செப்டம்பரில் அவன் மறுபடி வேலைக்குப் போனான். காலை உடற்பயிற்சி முடிந்ததும் மேஸ்திரி பியோன் நாற்பது பேர் முன்னால், "யோங்பே முதுகு ஆபரேஷன் முடிஞ்சு வந்துட்டான். கனமான வேலை ரெண்டு மாசத்துக்கு யாரும் குடுக்காதீங்க" என்றார். சொல்லிவிட்டு, நல்ல மனிதர், வழக்கம்போல அவனுக்கு வலது பக்கமாகச் சுற்றி வரக் கிளம்பினார்.

"மேஸ்திரி, சுத்தி வர வேணாம்," என்றான் யோங்பே. "எனக்கு ரெண்டு காதும் கேக்கும். முதுகும் நல்லாத்தான் இருக்கு."

எல்லாரும் பார்த்தார்கள். அவன் திட்டம் எதுவும் போட்டு வரவில்லை. அந்தப் பொய்யை யாரிடமிருந்து காக்க வேண்டியிருந்ததோ அந்த ஒரே ஆள் இப்போது தோங்யோங்கில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அப்புறம் யாருக்காகக் காப்பது?

"எனக்குப் பொறந்ததுலேருந்து ஒரு கொட்டை மேல ஏறி நின்னுடுச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் காட்டல. அதுல புத்து வந்து எடுத்துட்டாங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்போ இனிமே அண்ணனுக்குப் பாதிக் கூலிதான்" என்றான். நாற்பது பேரும் சிரித்தார்கள். யோங்பே நின்றுகொண்டே இருந்தான். இந்தத் தடவை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, டாக்டர் மா சொன்னதை மிச்சம் வைக்காமல் சொன்னான். மாதத்துக்கு ஒரு தடவை சுடுதண்ணியில் குளிக்கும்போது தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால், கனமாக இருந்தால் காட்டுங்கள். கைக்குழந்தை ஆணாக இருந்தால் இரண்டும் இருக்கா என்று பாருங்கள். பிள்ளை இல்லையென்றால் முதலில் நீங்கள் போய் டெஸ்ட் கொடுங்கள்.

அன்றைக்கு முழுக்கக் கேலிதான். மறுநாள் உடை மாற்றும் அறையில் ஒருவன் ஷூ கயிற்றைக் கட்டுகிற பாவனையில் பக்கத்தில் வந்து குனிந்தான். "அண்ணே, ஒரு பக்கம் நரம்பு புழு மாதிரி சுருண்டிருந்தா அது அதுவா?" அடுத்த நாள் கழிப்பறையில் ஒருவன். கிரேன் ஓட்டும் ஐம்பத்தைந்து வயசுக்காரர் ஒருவர், ஆறு மாதமாக மூத்திரம் ரத்தமாகப் போகிறது என்று சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் நடந்துவிட்டார். யோங்பே ஓடிப் பிடித்து, அவரை அந்தச் சந்தைப் படியில் தானே கூட ஏற்றிக்கொண்டு போனான்.

சுன்மான்தான் கடைசியாக வந்தான்.

"அண்ணே, அன்னைக்கு எனக்குச் சேத்துப்புண்ணு இல்ல."

"எனக்கும்தான் இல்ல."

"எனக்கு அது சரியாயிடுச்சு. இப்ப அது இல்ல விஷயம். எம் பையனுக்கு ஒன்றரை வயசு. நேத்துக் குளிப்பாட்டுறப்போ பாத்தேன். ஒண்ணைக் காணோம்."

சொன்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாதமே டாக்டர் மா இருந்த மருத்துவமனையில் குழந்தைக்கு இறக்கித் தைத்தார்கள். மூன்றாம் நாள் அது தெருவில் ஓடியது.

மருத்துவ அறை நர்ஸ் கணக்கில்லாமல் மேலதிகாரிகளுக்கு எழுதிப் பார்த்து, கடைசியில் மேஸ்திரி பியோனும் தொழிற்சங்கத்து ஆட்களும் போய் நின்றபின், மாதத்தில் ஒரு சனிக்கிழமை புசானிலிருந்து ஒரு டாக்டர் வர ஏற்பாடானது. முதல் மாதம் இரண்டே பேர் வந்தார்கள். காரணம் யோங்பேவுக்குத் தெரியும், அந்தப் பெஞ்சு. பெஞ்சைத் தூக்கிவிட்டு, உள்ளே தடுப்புச் சுவராகப் பலகை அடித்து, கருவிக் கிடங்கு வழியாக நுழைய வழி செய்தார்கள். கண்ணாடியோ கையுறையோ வாங்கப் போகிறவன் மாதிரிப் போகலாம். அடுத்த மாதம் பத்தொன்பது பேர். ஓக்போ லேடி டாக்டரும் சீட்டு எழுதிக் கொடுத்துக் கணவர்களை அங்கே அனுப்ப ஆரம்பித்தார்.

டிசம்பரில் ஜோங்சிம் திரும்பி வந்தாள். சுன்மானின் மனைவி தோங்யோங்குக்குப் போய் ஏதோ பேசியதாக அவனுக்குப் பிற்பாடு தெரிந்தது. வந்தவள் பெட்டியை அடுக்களை ஓரம் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"நான் எல்லாத்தையும் மறந்துட்டு வரல. உங்கம்மா இங்க கஷாயம் கொண்டு வரக் கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்கும் இனிமே நான் போறதா இருந்தா நானாத்தான் போவேன். எங்கிட்ட எதையும் மறைச்சீங்கன்னு தெரிஞ்சா அடுத்த படகுல போயிடுவேன்."

"சரி" என்றான்.

"சரின்னு சொல்றது உங்களுக்குச் சுலபம்" என்றாள்.

ஒவ்வொரு மே மாதமும் புசானிலிருந்து ஒரு கடிதம் வரும். உறைய வைத்த ஐந்து சிறு குழாய்களை இன்னும் ஒரு வருஷம் வைத்திருக்கலாமா, வேண்டாமா என்று கேட்டு இருவரும் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கும். முதல் வருஷம் ஜோங்சிம் அதை ஒரு வாரம் மேஜைமேலேயே கிடக்க விட்டாள். யோங்பே சாப்பிடும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் சாப்பிட்டான். எட்டாம் நாள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வைக்கச் சொல்லியிருக்கேன். அதுக்காக ஆசைப்பட்டுக்காதீங்க. வேணுமா வேணாமான்னு எனக்கே இன்னும் தெரியல. தெரியுறப்போ சொல்றேன். அதுவரைக்கும் நீங்க கேக்கக் கூடாது."

மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. இன்றைக்கு வரைக்கும் அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.